நாமும் நாங்களும்: பிராகுயி மேய்ச்சல் வழியில் சில சொற்கள்



உரையைத் தொடங்குமுன் ஒரு சிறு விளக்கம். இன்று முன்வைக்கும் சொற்பட்டியலைத் தொகுத்தவர்கள் மூவர்: பணி ஓய்வு பெற்ற இரண்டு தமிழாசிரியர்கள், அவர்களோடு இங்கே நின்று பேசும் நாங்கள். ஆகவே தொகுத்தவர்களைக் குறிக்கும்போது 'நாங்கள்' என்றும், அவையோரையும் உடன் சேர்க்கும்போது 'நாம்' என்றும் வழங்குவோம். இலக்கணப் பாடத்தில் இது எளிய வேறுபாடு. ஆனால் இந்த வேறுபாட்டில்தான் நாங்கள் ஒருமுறை தவறினோம். அதைச் சொல்வதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

நம் கொடிமலையின் உயரம் ஏறத்தாழ 830 மீட்டர். 1923-இல் இழுவை ரயில் ஓடத் தொடங்கும்வரை அம்மலைக்குச் செல்வோர் மட்டக்குதிரையில் ஏறியோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியில் அமர்ந்தோ சென்றனர். கலாத் என்னும் ஊர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில், ஏறத்தாழ 2,000 மீட்டரில் உள்ளது. இன்று அது பாகிஸ்தானின் பலூச்சிஸ்தான் மாநிலத்தைச் சேர்ந்தது. அதன் வடக்கே சராவான், தெற்கே ஜலாவான் எனும் மலைநாடுகள். கோடையில் அங்கே புல் கிடைக்கும். குளிர்காலத்தில் பனிக்காற்று ஆட்டையும் கொல்லும், ஆளையும் கொல்லும். ஆகவே இலையுதிர் காலம் வந்ததும் மேய்ச்சற்குடிகள் ஆட்டுமயிரால் நெய்த கருங்கூடாரங்களைச் சுருட்டி, ஒட்டகத்திலும் கழுதையிலும் ஏற்றி, போலான், மூலா ஆகிய கணவாய்களின் வழியே கச்சிச் சமவெளிக்கு இறங்குவர். அங்கே அறுவடைக் கூலி கிடைக்கும், அறுத்த வயலில் ஆடும் மேயும். வெயில் கடுமையாகும்போது மீண்டும் மலையேறுவர். ஆண்டுக்கு இருமுறை ஒரு சமூகமே நடந்த வழி அது. இன்று பெரும்பாலோர் ஊர்களில் நிலைத்துவிட்டனர். சிலர் இன்னும் நடக்கின்றனர்.

அவர்களே பிராகுயி மக்கள். அவர்கள் பேசும் பிராகுயி மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதைப் பேசுகின்றனர். திராவிட மொழிகள் பேசப்படும் பிற நிலப்பகுதிகளுக்கும் அந்த மலைகளுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி உண்டு. நடுவில் சிந்தியும் பஞ்சாபியும் இராசத்தானியும் நிற்கின்றன. இந்தச் செய்தி நம் பள்ளி நூல்களில் ஒரு வரியாக வந்துபோகும். அந்த வரி எப்படிக் கிடைத்தது என்பதை மாணவர்களுக்கு நாம் சொல்வதில்லை.

அது கிடைத்ததற்கு ஒரு குதிரை வணிகரின் பெயர் உதவியது. 1810 சனவரியில் ஹென்றி பாட்டிஞ்சர், சார்லஸ் கிறிஸ்டி என்னும் இரண்டு ஆங்கிலப் படை அலுவலர்கள் பம்பாயிலிருந்து கடல்வழியே புறப்பட்டனர். நெப்போலியனின் படை பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வரக்கூடும் என்ற அச்சம் அக்காலத்தில் இருந்தது. வழியிலுள்ள நாட்டை உளவறிய வேண்டும். கும்பினிப் படைக்குக் குதிரைகள் திரட்டித் தந்த சுந்தர்ஜி என்னும் பெருவணிகரின் முகவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு, உடையையும் நடையையும் மாற்றி, சோன்மியானித் துறையில் இறங்கினர். அங்கிருந்து பேலா, குஜ்தார், கலாத் என மலைக்குள் ஏறினர். ஒவ்வொரு குலத்தின் எல்லையிலும் ஒரு வழிகாட்டி வேண்டியிருந்தது. வழிகாட்டி உடன் வராவிட்டால் நீர்நிலை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது, அடுத்த குலத்தார் அம்பலத்தில் பேசிக்கொடுக்க ஆளும் இராது. மேய்ப்பர்களின் கூடாரங்களில் தங்கினர், அவர்கள் தந்த பாலையும் இறைச்சியையும் உண்டனர். நுஷ்கியில் இருவரும் பிரிந்தனர். கிறிஸ்டி வடக்கே ஹெராத்துக்கும், பாட்டிஞ்சர் மேற்கே பாலையைக் கடந்து கெர்மானுக்கும் சென்றனர். குதிரை வணிகராகப் புறப்பட்டவர் பாலையை ஒட்டகத்தின்மேல் கடந்தார் என்பது ஒரு வேடிக்கை. பின்னாளில் ஹாங்காங்கின் முதல் ஆளுநர் ஆனவரும் இவரே.

பாட்டிஞ்சர் மொழியறிஞர் அல்லர். ஆனால் அவருடைய செவி நல்ல செவி. 1816-இல் வெளிவந்த தம் பயண நூலில், பலூச்சி மொழி பாரசீகத்தை ஒத்திருக்கிறது, பிராகுயியோ அதனோடு சிறிதும் ஒட்டாத வேறொரு மொழி என்று பிரித்துக் குறித்தார். ஒரே கூடாரத்தில் இரண்டு மொழியும் மாறி மாறிப் பேசப்படும் நாட்டில் இது எளிய செயலன்று. அடுத்த படியில் அவர் சறுக்கினார். காதுக்குப் பஞ்சாபி போல் ஒலிக்கிறது என்று எழுதிவிட்டார். அவர் தமிழ் கேட்டுப் பழகியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று எங்கள் மூவருக்குள் ஒரு விவாதம் நடந்ததுண்டு. தமிழ் கேட்டவர்க்கும் பிராகுயி தமிழ்போல் ஒலிக்காது என்பதே எங்கள் முடிவு. மொழியுறவு காதில் விழுவது அரிது. அதைப் பட்டியலிட்டுத்தான் காணவேண்டும்.

அந்தப் பட்டியலுக்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1838-இல் லீச் என்பவர் எழுதிய ஒரு சிறிய பிராகுயி இலக்கணம் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதை ஜெர்மனியில் இருந்தபடியே படித்த கிறிஸ்டியன் லாசன், 1844-இல் அம்மொழிக்கும் தென்னிந்திய மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் பிராகுயிக்குள் திராவிடக் கூறு உண்டென்று ஏற்றார். எனினும் முழு உறுப்பினராகக் குடும்பத்தில் சேர்க்கத் தயங்கினார். அத்தயக்கம் நீங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்திய மொழிகள் அளவாய்வின் நான்காம் தொகுதி 1906-இல் அதைத் திராவிட மொழிகளுக்குள் வைத்தது. பலூச்சிஸ்தானில் அலுவல் பார்த்த டெனிஸ் பிரே, 1909-இல் பிராகுயி இலக்கணத்தையும் 1934-இல் சொற்பிறப்பு அகராதியையும் வெளியிட்டார். இடையில் 1913-இல் ஒரு பிராகுயி மனிதரின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளைக் குறித்து ஒரு நூலும் எழுதினார். இன்றும் அம்மொழியை ஆராய்வோர் பிரேயிடமிருந்தே தொடங்குகின்றனர்.

இனிச் சொற்களுக்கு வருவோம். மாணவர்கள் பெரிய சொற்களை எதிர்பார்ப்பர்: கோயில், அரசு, வீரம், காதல். அவற்றுள் எதுவும் கிடைக்காது. பிராகுயிச் சொற்களில் திராவிட மூலமுடையவை ஏறத்தாழ 15 விழுக்காடு என்பர். மற்றவை பலூச்சி, பாரசீகம், அரபு, சிந்தி போன்றவற்றிலிருந்து வந்தவை. ஆனால் அந்த 15 விழுக்காடு எங்கே இருக்கிறது என்பதே முதன்மையானது. அது வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் அடுப்பருகிலும் இருக்கிறது.

'நீ' என்பதற்குப் பிராகுயியிலும் 'நீ' என்றே பெயர். பன்மையில் 'நும்' என்பர். சங்கத் தமிழ் படித்தவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவர். 'நான்' என்பது 'ஈ'. கண் என்பது 'ஃகன்', கல் என்பது 'ஃகல்'. இங்கே ஆய்தம் இடக் காரணம், அவ்வொலி தொண்டையில் உரசி வருவதாகும். தமிழில் சொல்முதலில் ககரம் நிற்கும் பல சொற்களில் பிராகுயி இவ்வுரசொலியைத் தருகிறது. வாய் என்பது 'பா'. வருதலைக் குறிக்கும் வினையடி 'பர்'. இவ்விரண்டிலும் வகரம் பகரமாகி, கன்னடத்தைப்போல் மெலிந்து ஒலிக்கிறது. நீர் என்பது 'தீர்'. பால் என்பது 'பால்ஹ்', தேள் என்பது 'தேல்ஹ்'. இறுதியிலுள்ள லகரம் அங்கே குரலின்றி, மூச்சோடு கலந்து வெளிப்படும். நாக்கை லகரத்திற்கு வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதிப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வொலி கிடைக்கும். வகுப்பறையில் இதைச் செய்துகாட்டினால் மாணவர்கள் சிரிப்பார்கள், பிறகு மறக்கமாட்டார்கள்.

மேய்ப்பர்க்கு இன்றியமையாத இன்னொரு சொல்: பெட்டை வெள்ளாட்டை அவர்கள் 'ஹேட்' என்பர். 'ஆடு' என்ற வடிவத்தை மட்டும் அறிந்தவர்க்கு இதில் ஒற்றுமை புலப்படாது. 'யாடு' என்ற பழைய வடிவத்தை அருகில் வைத்தால் வழி திறக்கும். பர்ரோ, எமனோ இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இவ்விரண்டும் ஒரே பதிவின்கீழ் நிற்கின்றன.

எண்ணுப்பெயர்களில் ஒரு வியப்பு உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்பன 'அசிட், இரட், முசிட்'. நான்கு முதல் 'சார், பஞ்ச்' என்று ஈரானிய எண்கள் வந்துவிடுகின்றன. ஆட்டை எண்ணும் மேய்ப்பர் மூன்றாம் ஆடு வரை மூதாதையர் மொழியிலும் நான்காம் ஆட்டிலிருந்து அண்டைவீட்டார் மொழியிலும் எண்ணுகிறார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், தம் பிள்ளைகளிடம் கைப்பேசி எண்ணைத் தமிழில் சொல்லச் சொல்லிப் பார்க்கலாம். மூன்று வரையாவது வருகிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. மலாய்மொழியில் கடை 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கழுதை 'கெல்டாய்'. இவை தமிழிலிருந்து சென்ற சொற்கள். ஜார்ஜ்டவுனில் பிறந்த எவர்க்கும் இதை மெய்ப்பிக்கத் தேவையில்லை. ஆயினும் இதனால் மலாய் திராவிட மொழியென்று எவரும் சொல்லார். வணிகரோடு பொருள் வந்தது, பொருளோடு பெயர் வந்தது, அவ்வளவே. பண்டமும் விலங்கும் கடல் கடந்து பெயரையும் கொண்டுசெல்லும். 'நீ', 'நும்', 'கண்', 'வா' போன்றவற்றை எவரும் மூட்டை கட்டி விற்பதில்லை. ஆதலால்தான் சொல்லின் தொகை குறைவாயினும் பிராகுயி நம் மொழிக்குடும்பத்தது என்கிறோம். சொல் எத்தனை என்பதினும் எந்தச் சொல் என்பதும், ஒலி ஒழுங்காக ஒத்து வருகிறதா என்பதுமே கேள்வி.

குதிரைக்கு வருவோம். தமிழில் குதிரை, பரி, புரவி, இவுளி என்று பல பெயர்கள் உள. அவற்றுள் 'இவுளி' தனித்து நிற்பது. அந்த அகராதியில் அதற்கு இணையாகக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு மொழியின் சொல். கன்னடமில்லை, தெலுங்குமில்லை. பிராகுயியின் 'ஹுல்லீ'. திராவிட உலகின் தென்கோடியிலும் வடமேற்குக் கோடியிலும் ஒரே சொல், நடுவில் எங்கும் இல்லை. இதைப் பற்றி எழுதப்பட்ட துணிவுரைகள் பல. திராவிடர் வடமேற்கிலிருந்து குதிரையேறி வந்தனர் என்று ஒரு சாரார் கதை கட்டுவர்.

நாங்களும் ஒரு காலத்தில் இச்சொல்லைக் காட்டி மாணவரை வியக்கவைத்திருக்கிறோம். இப்போது தயங்குகிறோம். முதற்காரணம், குதிரை தமிழகத்திற்கு இறக்குமதியான விலங்கு. கடல்வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை குறிக்கிறது. பாண்டிய நாட்டிற்கு ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்ததையும், பேணத் தெரியாமல் அவை மடிந்ததையும் மார்க்கோபோலோ எழுதியிருக்கிறார். குதிரை வந்த வழியில் குதிரையின் பெயரும் வந்திருக்கலாம், 'கெல்டாய்' மலாய்க்குள் வந்ததுபோல. இரண்டாவது காரணம் ஒலி. பாலுக்கும் தேளுக்கும் நாம் கண்ட மூச்சொலி 'ஹுல்லீ'யில் இல்லை. அது உறவை மறுத்துவிடாது. ஆனால் வழக்கறிஞர் ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு வழக்கு முழுவதையும் நடத்தும்போது, அந்தச் சாட்சியின் பேச்சில் சிறு தடுமாற்றம் இருந்தாலும் நீதிபதி குறித்துக்கொள்வார் அல்லவா?

கலாத்தின் மலைவழிகளில் குதிரையேறிச் செல்லும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை. எங்கள் பயணமெல்லாம் பிரேயின் நூல்களின் வழியாகவும், கெலுகோரில் ஒரு மாமாக் கடையின் மேசையிலுமே நிகழ்ந்தது. இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்காக வந்திருந்த ஓர் இளைஞர் அங்கே எங்களுக்கு அறிமுகமானார். பொறியியல் படித்தவர், ஊர் கலாத்துக்கு அருகில், தாய்மொழி பிராகுயி. அவர் பாட்டனார் ஒவ்வோர் ஆண்டும் மூலாக் கணவாய் வழியே ஆடு ஓட்டியவர். தந்தை குவெட்டாவில் கடை வைத்தார். மகன் பினாங்குக்கு விமானத்தில் வந்தார். மூன்று தலைமுறையில் முடிந்துபோன வலசை.

வாரம் ஒருமுறை, தே தாரிக் ஆறும்வரை, அவர் சொல்லச் சொல்ல நாங்கள் குறித்துக்கொண்டோம். பிரே எழுதிய சொற்களைப் படித்துக்காட்டுவோம். சிலவற்றை உடனே அறிவார். சிலவற்றுக்கு, "இது பாட்டிச் சொல்" என்பார். சிலவற்றுக்குத் தலையசைத்து மறுப்பார். உங்கள் குடும்பத்தில் குதிரை இருந்ததா என்று கேட்டோம். சிரித்தார். "குதிரை சர்தாருக்கு. எங்களுக்குக் கழுதை. நடக்க முடியாத கிழவரையும், ஓடிவிடும் குழந்தையையும் அதன்மேல் கட்டி வைப்பார்கள்," என்றார். 'ஹுல்லீ' என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது, ஹுல்லீ சிலர் வாயிலில் மட்டும் நின்றது.

ஒருநாள் மாலை அவரை ஒரு தமிழ் நிகழ்ச்சிக்கு அழைத்துச் சென்றோம். மேடையில் அறிமுகம் செய்ய வேண்டியவர்கள் நாங்கள். பல ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிப் பழகிய வாக்கியம் தானே வந்துவிட்டது: சிந்துவெளியில் வாழ்ந்த தமிழரின் எஞ்சிய கிளை இவர், நாம் அனைவரும் ஒரே குருதி. அரங்கு கைதட்டியது. பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "தம்பி, நீங்களும் தமிழர்தாம்," என்று கண்கலங்கினார். அந்தப் பெரியவரின் அன்பில் பொய் இல்லை. அவர் எங்களை நம்பினார்.

அடுத்த வாரம் இளைஞர் வழக்கம்போல் வந்தார். தேநீர் வரும்வரை பேசவில்லை. பிறகு, மிகுந்த மரியாதையோடு, "சார், மேடையில் என்னைப் பற்றிச் சொன்னதை மொழிபெயர்த்துத் தருவீர்களா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தோம். ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் அதன் சுமை எங்களுக்கே தெரிந்தது. 'நாம்' என்பதை விளக்க வேண்டியதாயிற்று. தமிழில் இரண்டு உண்டு, கேட்பவரைச் சேர்ப்பது ஒன்று, விலக்குவது ஒன்று என்றோம். அவர் சற்று நேரம் யோசித்தார். "எங்கள் மொழியில் 'நன்' ஒன்றுதான். சேர்ப்பதும் விலக்குவதும் இல்லை. நீங்கள் இரண்டு வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொண்டு, என்னைக் கேட்காமல் சேர்த்துவிட்டீர்கள்," என்றார். குரலை உயர்த்தவில்லை. தம் மக்கள் தம்மைப் பிராகுயி என்றே அழைத்துக்கொள்வர், அண்டை வீட்டுப் பலூச்சியரோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்வர், தம் பாட்டனார் தமிழ் என்ற பெயரைக் கேட்டதே இல்லை என்று சொல்லி முடித்துவிட்டு, "இன்று எந்தச் சொற்கள்?" என்று தாளை இழுத்துக்கொண்டார்.

அன்று இரவே எங்கள் பழைய பாடக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தோம். அந்த வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருந்தன.

பிராகுயி தமிழிலிருந்து பிரிந்த மொழியன்று. குடும்பத்திற்குள் அதற்கு நெருங்கிய உறவினர் வடதிராவிட மொழிகளான குடுக்கும் மால்தோவும். அவை சோட்டா நாகபுரியிலும் இராஜ்மகால் குன்றுகளிலும் வழங்குபவை. தமிழ் அதற்குத் தாயல்ல, தூரத்துச் சகோதரி.

அடுத்து, 'எஞ்சிய கிளை' என்பது முடிந்த முடிபன்று. மேய்ப்பர்கள் இறங்கும் கச்சிச் சமவெளியில், போலான் கணவாயின் வாயிலில், மெகர்கர் இருக்கிறது. 1974 முதல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அங்கே வெளிக்கொணர்ந்த குடியிருப்பு ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையது. ஆடு மேய்த்தவர்களின் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. அதன் அருகே இன்று திராவிட மொழி பேசும் மேய்ப்பர்கள் நடக்கிறார்கள் என்றால், இரண்டையும் இணைக்கும் ஆசை எவருக்கும் எழும். பிராகுயி மக்கள் அங்கேயே தொன்றுதொட்டு இருந்தவர்கள் என்னும் அறிஞர்கள் உளர். மறுசாரார் எழுப்பும் தடையும் வலுவானது: அம்மொழி அத்தனை காலம் அங்கேயே இருந்திருந்தால் பழைய ஈரானிய மொழிகளின் சொற்கள் அதில் படிந்திருக்க வேண்டும். படிந்திருப்பதோ பெரும்பாலும் பலூச்சிச் சொற்கள். பலூச்சியர் அம்மலைகளுக்கு மேற்கிலிருந்து வந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே பிராகுயி மக்களும் நடு இந்தியப் பக்கமிருந்து பிற்காலத்தில் ஆட்டோடு நடந்து அங்கே சென்றவர்களாகலாம் என்பது இவர்கள் கருத்து. ஆட்டோடு நடப்பவர்க்கு ஆயிரம் கிலோமீட்டர் பெரிய தொலைவன்று, தலைமுறைகள்தாம் வேண்டும். எங்கள் மனம் இப்போது இந்தப் பக்கமே சற்றுச் சாய்கிறது. ஆனால் தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இதை எவரும் வைக்கவேண்டாம்.

மூன்றாம் பிழை குருதி. மொழிக்கும் குருதிக்கும் ஒரே மரபுவழி இருக்கவேண்டுவதில்லை. மரபணு ஆய்வுகளில் பிராகுயி மக்கள் தம் அண்டையிலுள்ள பலூச்சியரோடே நெருங்கிக் காணப்படுகின்றனர். மொழியை மாற்றிக்கொண்ட குடிகளை நாம் இத்தீவிலேயே பார்க்கிறோம். தமிழ் முசுலிம் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் மலாய் பேசுவதைக் கண்டு, அவர்கள் குருதி மாறிவிட்டது என்று எவரும் எண்ணுவதில்லை.

இப்பிழைகளைத் திருத்தியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. மலாய்மொழியில் 'கீத்தா', 'காமி' என இரண்டு தன்மைப் பன்மைகள் உண்டு. முன்னது நாம், பின்னது நாங்கள். நம் பிள்ளைகள் மலாய் இலக்கணம் கற்கையில் இவ்வேறுபாட்டைத் தமிழின் துணையால் எளிதில் பிடித்துக்கொள்வர். உறவே இல்லாத மலாய் தமிழோடு இதில் ஒத்துப்போகிறது. உறவுடைய பிராகுயியோ அதை இழந்து நிற்கிறது. ஒரே ஓர் ஒற்றுமையைக் கொண்டு உறவு சொல்வோர்க்கும், ஒரே ஒரு வேற்றுமையைக் கொண்டு உறவை மறுப்போர்க்கும் இதைவிட நல்ல பாடம் எங்கள் கைக்குக் கிட்டவில்லை. ஆசிரியர்கள் இதை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இளைஞரும் எங்களுக்கு ஒரு திருத்தம் தந்தார். ஆட்டுமயிர்க் கூடாரத்தை அவர்கள் 'கிதான்' என்பர். நாங்கள் ஆவலோடு அதற்கு எதிரே 'கிடை' என்று எழுதி வைத்திருந்தோம். ஆட்டுக்கிடை, கிடை போடுதல், கிடையில் படுத்தல்: பொருளும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! அவர் பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்தார். "பலூச்சியரும் கிதான் என்றுதான் சொல்வர். எங்களுடைய சொல் என்று எப்படிச் சொல்வீர்கள்?" பொறியியல் மாணவர் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றவரின் சொற்பிறப்பை அடித்துத் திருத்தினார். அவர் செய்தது சரி. பொருளும் ஓசையும் மயக்கும் இடத்தில்தான் அண்டை மொழியையும் கேட்டுவரவேண்டும் என்று எத்தனை மாணவர்க்கு நாங்களே சொல்லியிருப்போம்!

அம்மொழியின் இன்றைய நிலையையும் ஒரு சொல் சொல்லவேண்டும். குவெட்டாவில் பலூச்சிஸ்தான் பல்கலைக்கழகத்தில் பிராகுயித் துறை இருக்கிறது. பாரசீக அரபு எழுத்தில் நூல்கள் வருகின்றன. உரோமன் எழுத்தில் எழுதும் முயற்சியும் உண்டு. பிராகுயி பேசுவோரிற் பெரும்பாலோர் பலூச்சியையும் பேசுவர். அழிவுக்கு இலக்காகக்கூடிய மொழிகளின் வரிசையில் யுனெஸ்கோ அதைச் சேர்த்திருக்கிறது. இளைஞர் சொன்ன 'பாட்டிச் சொற்கள்' பலவும் மேய்ச்சலைச் சார்ந்தவை: ஆட்டின் வயதுக்கு ஒரு பெயர், காதின் அடையாளத்துக்கு ஒரு பெயர், முதல் பனிக்கு ஒரு பெயர். ஆட்டை விற்றுக் கடை வைத்தவர் வீட்டில் அவற்றைச் சொல்ல வாய்ப்பில்லை. எங்கள் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவிய நாளில் வழங்கிய சொற்களை இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

படிப்பு முடிந்து அவர் ஊர் திரும்பும் வாரத்தில் கடைசியாக ஒருமுறை கூடினோம். பட்டியலில் 'ஹேட்' என்ற சொல்லுக்கு வந்தபோது, தமிழில் என்ன என்று கேட்டார். "ஆடு" என்றோம். உதட்டைப் பிதுக்கினார், ஒத்துவரவில்லை என்று. பழைய வடிவம் 'யாடு' என்றோம். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, கலாத்திலிருந்த பாட்டியாரை அழைத்து, கிழக்கே கடலுக்கு அப்பால் சிலர் ஆட்டை ஏறத்தாழ நம்மைப்போலவே அழைக்கிறார்கள் என்று சொன்னார். மறுமுனையில் நீண்ட பேச்சு. அவர் சிரித்துக்கொண்டே எங்களிடம் திரும்பினார்.

"அவர்களிடம் எத்தனை ஆடு இருக்கிறது என்று பாட்டி கேட்கிறார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னோம்.